டிசம்பரில் முன்பதிவா, ஜனவரியில் புரட்டிப் பார்த்து வாங்குவதா?

கார்த்திகை அகல்களைக் கழுவி எடுத்துவைத்த கையோடு எங்கள் வீட்டில் ஒரு நோட்டு வெளியே வரும். முதல் பக்கத்தில் அந்த வருடப் புத்தகப் பணம் எவ்வளவு என்று எழுதுவேன். அடுத்த பக்கத்திலிருந்து வரப்போகும் புத்தகங்களின் பெயர்கள். பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக அட்டைப்படம் வெளியிட, நானும் குறித்துக்கொண்டே வருவேன். டிசம்பர் 20 ஆகும்போது பட்டியலில் நாற்பது பெயர்கள் சேர்ந்திருக்கும். பணம் ஆறாயிரம் ரூபாய்தான். நான் வாங்குகிற வகையில் 200 பக்கப் புத்தகம் ஒன்று இப்போது 250 ரூபாயை ஒட்டி வருகிறது. இருபது, மிஞ்சினால் இருபத்துநான்கு வாங்கலாம்.

ஆகவே ஒவ்வொரு வருடமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எந்தப் புத்தகம் என்பதோடு, அதை எந்த வழியில் வாங்குவது என்பதும் இதில் சேரும். முன்வெளியீட்டுத் திட்டத்தில் இப்போதே பணம் கட்டலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். நம் மாவட்டத்துக்குப் புத்தகத் திருவிழா வரும்வரை பொறுக்கலாம். கிண்டிலில் மின்னூலாகப் படிக்கலாம். நூலகத்துக்கு வரும் என்று இருக்கலாம். ஐந்தையும் செய்து பார்த்திருக்கிறேன். 2014-லிருந்து எழுதி வந்த நோட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பெரிய பெயர்களின் புத்தகங்களுக்கு முன்பதிவு செய்ய ஓடியிருக்கிறேன். அவை இன்றும் எல்லாக் கடைகளிலும் இருக்கின்றன. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் விட்டவை சின்னப் பதிப்பகங்களின் மெலிந்த புத்தகங்கள். அவற்றில் பாதியைப் பிறகு கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை. அதாவது பல வருடங்கள் தலைகீழாக வாங்கியிருக்கிறேன்.

ஏன் எல்லாப் புத்தகமும் வருடக் கடைசியில் வந்து குவிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், முடிவெடுக்க அது உதவும். தமிழ்ப் பதிப்புலகின் அறுவடை சென்னைப் புத்தகக் காட்சி. 1977-இல் அண்ணா சாலை மதரசா-ஐ-ஆசம் பள்ளியில் 22 அரங்குகளோடு பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி அதைத் தொடங்கியது. 2025-க்கான காட்சியில் அரங்குகள் 900. வருடம் முழுவதும் கடைகளில் சொட்டுச் சொட்டாக விற்கும் பதிப்பகத்துக்கு, இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் கையில் மொத்தமாகப் பணம் வருவது அங்கேதான். அதனால் எழுத்தாளர் ஜூனில் முடித்துக் கொடுத்த நாவலும் நவம்பரில் முடித்துக் கொடுத்த நாவலும் ஒரே வாரத்தில் அச்சுக்குப் போகின்றன. அச்சகத்தில் வரிசை, பைண்டிங்கில் வரிசை. மெய்ப்புப் பார்ப்பவருக்குத் தூக்கமே இருக்காது.

தேதியையும் கவனிக்க வேண்டும். ஜனவரி என்று வாய் சொன்னாலும், 48-ஆவது காட்சி 2024 டிசம்பர் 27 அன்றே தொடங்கி 2025 ஜனவரி 12 அன்று முடிந்துவிட்டது. பொங்கல் விடுமுறையில் போகலாம் என்று நினைத்திருந்தவர்கள் அந்த வருடம் போக முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஜனவரியில் காட்சியே இல்லை. 2016 ஜூன் மாத வெயிலில் தீவுத்திடலில்தான் நடந்தது. கொரோனாவால் 2021-இல் பிப்ரவரி 24-க்குத் தள்ளிப்போனது. எல்லாவற்றையும் காட்சியில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரே இடத்தில் நம்பிக்கை வைப்பவர்கள் இந்த மூன்று வருடங்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, முன்வெளியீட்டுத் திட்டம். இதை இணைய காலத்து ஏற்பாடு என்று நினைப்பவர்கள் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்ததும் இதைத்தான். அதற்கு அன்றைய பெயர் கையொப்பம். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே கையொப்பமிட்டவர்களின் பலத்தில்தான் அச்சுக்கூடத்துக்கும் காகிதத்துக்கும் பணம் புரட்ட முடிந்தது. நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் பக்கத்து ஊரில் ஓர் ஆசிரியர் வீடு வீடாகப் போய்க் கையொப்பம் கேட்டதால்தான் ஒரு காப்பியம் அச்சேறியது என்பதை நினைக்கும்போதெல்லாம், முன்பதிவுப் படிவத்தை நிரப்பும் கைக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

காசுக் கணக்கும் நமக்குச் சாதகம்தான். புத்தகக் கடைக்கு விற்றால் பதிப்பாளர் கழிவாக 30 சதவீதத்துக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டும், அந்தப் பணமும் பல மாதம் கழித்துத்தான் வரும். நாம் நேராகப் பணம் கட்டினால் அந்தக் கழிவில் ஒரு பங்கை நமக்கே தரலாம். அதனால்தான் முன்பதிவில் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம் வரை குறைகிறது. பல தொகுதிகள் கொண்ட பெரிய பதிப்பென்றால் இன்னும் கூட. புத்தகக் காட்சியில் எல்லா அரங்கிலும் கிடைப்பது 10 சதவீதம். 2,000 ரூபாய்த் தொகுப்பு ஒன்றுக்கு இந்த வித்தியாசம் 300, 400 ரூபாய், அதாவது எனக்கு ஒரு புத்தகம்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அச்சிடும் எண்ணிக்கை. ஒரு காலத்தில் தமிழ்ப் புத்தகம் என்றால் ஆயிரம் அல்லது 1,200 பிரதி போடுவார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்ததால் 100, 200 என்றுகூடப் போட முடிகிறது. இதனால் புதியவர்களின் புத்தகங்கள் வெளிவருகின்றன, அது நல்லது. ஆனால் அந்த 200 தீர்ந்தால் மறுபடி போடுவார்களா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எத்தனை பேர் முன்பதிவு செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் எத்தனை பிரதி என்று முடிவு செய்கிறார்கள். பத்துப் பேர் கூடுதலாகப் பதிவு செய்தால் பெரிய பதிப்பகத்தில் ஒன்றும் மாறாது. 150 பிரதி போடலாமா 300 போடலாமா என்று தயங்கும் இடத்தில் அந்தப் பத்துப் பேர்தான் தீர்மானிக்கிறார்கள்.

எனக்கு இது நேரடியாகவே புரிந்தது. 2018 காட்சியில் ஒரு சின்ன அரங்கில் புதுக் கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்பை எடுத்தேன். 80 பக்கம் இருக்கும். நின்றபடியே ஆறேழு கவிதைகள் படித்தேன். அவற்றில் இரண்டு இன்னும் மனத்தில் இருக்கின்றன. பை ஏற்கனவே கனத்திருந்தது, பணமும் தீரும் நிலை. அடுத்த வருடம் வாங்கலாம் என்று வைத்துவிட்டேன். அடுத்த வருடம் அதே அரங்கில் கேட்டபோது அங்கிருந்த தம்பி சொன்னார்: "அது நூத்தம்பது காப்பிதான் போட்டோம்க்கா. தீர்ந்துபோச்சு. மறுபடி போடுற யோசனை இல்ல." இன்றுவரை தேடுகிறேன், கிடைக்கவில்லை.

முன்பதிவின் குறையும் சின்னதில்லை. பார்க்காமல் வாங்குகிறோம். அட்டையும், பின்னட்டையில் வரப்போகும் பத்து வரியும், எழுத்தாளர் பெயரும்தான் நம்மிடம் இருப்பவை. மொழிபெயர்ப்பாக இருந்தால் நடை எப்படியிருக்கும் என்று தெரியவே தெரியாது. அப்புறம் தாமதம். ஒரு முறை நவம்பரிலேயே பணம் கட்டிய மூன்று புத்தகங்கள் எனக்கு மார்ச் மாதம்தான் வந்தன. இடையில் ஜனவரியில் சென்னைக்குப் போனபோது அந்த மூன்றும் அரங்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். முன்னால் பணம் கொடுத்த நான் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்று வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டே பேர் வேலை செய்யும் பதிப்பகத்தில் காட்சி நடக்கும்போது பொட்டலம் கட்ட ஆளிருக்காது என்பது பிறகு புரிந்தது. ஆனாலும் முதலில் பணம் தந்தவருக்குப் புத்தகம் முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதற்குப் பிறகு பதிவு செய்யும்முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்: எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள், அரங்கில் வந்து வாங்கிக்கொள்ளலாமா, தபால் செலவு விலையில் சேர்ந்ததா. தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் மட்டும் பணம் கட்டுகிறேன்.

தபால் செலவைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். புத்தகங்களுக்கென்று மலிவாக இருந்த ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பர் 18 அன்று நிறுத்தியது. சரியாகப் புதுப் புத்தகங்கள் பறக்கிற மாதம். சின்னப் பதிப்பகங்கள் அன்று தவித்ததை வாசகர்கள் எல்லோரும் பார்த்தோம், 150 ரூபாய்ப் புத்தகத்துக்குக் கூரியர் செலவு அரைவாசி என்றால் யார் வாங்குவார்கள்? 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் என்ற சேவை வந்திருக்கிறது. கல்வி, சமூக, பண்பாட்டுப் புத்தகங்களுக்கு 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழிதான், கொஞ்சம் மெதுவாக வரும். நான்கு புத்தகங்களை ஒரே பொட்டலமாக அனுப்பச் சொன்னால் ஒரு புத்தகத்துக்கு ஆகும் செலவு குறைந்துவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பதிவு செய்யாமல் ஒரே பதிப்பகத்தில் சேர்த்துப் பதிவு செய்வது இதனால்தான்.

இனி சென்னை. தஞ்சாவூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது எழும்பூர். அங்கிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய், வண்டி மாறினால் நந்தனம். ஒய்.எம்.சி.ஏ. மைதானம் பக்கம்தான். போக வர ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. அதாவது நான்கு புத்தகங்கள். 10 சதவீதத் தள்ளுபடியில் இதை ஈடுகட்டவே முடியாது. மிச்சம் பிடிக்க நினைத்து வெளியூரிலிருந்து சென்னைக்குப் போவதில் அர்த்தமில்லை.

ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது போகிறேன். புத்தகத்தைக் கையில் எடுத்து, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, நான்கு வரி படித்துப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாக எழுதிவிடுகிறார்கள். 90-ஆம் பக்கத்தில் அந்த நடை நிற்கிறதா என்று பார்த்தால் போதும், முக்கால்வாசி தெரிந்துவிடும். நான் கேள்வியே படாத எழுத்தாளர்களை எனக்குத் தந்தது அட்டைப்பட அறிவிப்புகள் கிடையாது, இப்படித் திறந்த நடுப்பக்கங்கள்தான். பட்டியலில் இல்லாமல் வாங்கியவற்றில்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் புத்தகங்கள் அதிகம். இது நோட்டைப் பார்த்துச் சொல்வது.

டிசம்பர் அவசரத்தில் அச்சான புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். பைண்டிங்கில் கை மாறினால் ஒரு ஃபாரம் இரண்டு முறை வந்து அடுத்தது காணாமல் போகும். எனக்கு வந்த ஒரு நாவலில் 96-ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடி 81 வந்தது. கதையில் மிக முக்கியமான இடம் அது. மாற்றித் தந்தார்கள், ஆனால் மூன்று வாரம் ஆனது. அரங்கில் வாங்கினால் அங்கேயே பக்க எண்களை விறுவிறுவென்று ஓட்டிப் பார்க்கலாம். 500 பக்கத்துக்கு மேலென்றால் தையல் போட்டிருக்கிறார்களா, வெறும் பசையா என்று முதுகைப் பார்க்கலாம். பசை மட்டும் என்றால் இரண்டாவது வாசிப்பில் தாள் கையோடு வரும். ஆய்வு நூலென்றால் கடைசியில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், இருக்கிறதா என்று பார்ப்பேன், அவசரத்தில் முதலில் விடப்படுவது அதுதான். இதெல்லாம் முன்பதிவுப் படிவத்தில் தெரியாது.

குழந்தைப் புத்தகங்களுக்குக் காட்சிதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். என் மகள் ஏழு வயதில் முதன்முதலாக வந்தாள். நான் நல்லது என்று எடுத்துக் கொடுத்த நான்கையும் திருப்பி வைத்துவிட்டு, அவளாகத் தேடி இரண்டை எடுத்தாள். அந்த இரண்டையும் அட்டை கிழியும்வரை படித்தாள்.

கூட்டத்தையும் சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் போனால் அரங்கில் நின்று படிக்க இடமிருக்காது, நடுப்பக்கம் எங்கே திறப்பது? வேலை நாட்களில் வழக்கமாக மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். திறந்த முதல் இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம், பதிப்பாளரோடு நாலு வார்த்தை பேசவும் முடியும். தொடக்க நாட்களில் போனால் பாதிப் புத்தகங்கள் பைண்டிங்கிலிருந்து வந்திருக்காது. கடைசி நாட்களில் போனால் குறைந்த பிரதிகளே போட்ட புத்தகங்கள் தீர்ந்திருக்கும். இரண்டாவது வாரத்தின் ஒரு செவ்வாயோ புதனோதான் எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது.

அடுத்து, காத்திருப்பது. இதை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை, எனக்கு இதில்தான் அதிகப் பணம் மிஞ்சியிருக்கிறது. ஈரோட்டில் 2005 முதல் புத்தகத் திருவிழா நடக்கிறது, நெய்வேலியில் அதற்கும் முன்னாலிருந்து. மதுரை, கோவை எல்லாம் பெரிய காட்சிகள். 2022-க்குப் பிறகு அரசு எல்லா மாவட்டங்களிலும் நடத்துகிறது. அங்கும் அதே 10 சதவீதம், ரயில் செலவில்லை, குடும்பத்தோடு சாயங்காலம் நடந்து போய் வரலாம். பெயர் பெற்ற எழுத்தாளரின் புது நாவல் அதற்குள் இரண்டாம் பதிப்பே கண்டிருக்கும். முதல் பதிப்பில் இருந்த எழுத்துப் பிழைகள் அதில் பெரும்பாலும் திருத்தப்பட்டிருக்கும். ஆறு மாதத்தில் நண்பர்கள் படித்துச் சொல்லிவிடுவார்கள், அவசர விமர்சனங்களின் சத்தமும் ஓய்ந்திருக்கும். ஜனவரியில் எல்லோரும் கொண்டாடிய புத்தகத்தை ஆகஸ்டில் யாராவது பேசுகிறார்களா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

ஆனால் மாவட்டத் திருவிழாவுக்குச் சின்னப் பதிப்பகங்கள் எல்லாம் வந்துவிடுவதில்லை. பத்து நாள் அரங்கு எடுத்து, ஆள் போட்டு, லாரியில் ஏற்றி இறக்கிக் கட்டுப்படியாகாது. வந்தாலும் வேறொருவர் அரங்கில் நான்கு தலைப்புகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் அங்கே நமக்குக் கிடைப்பது, எங்கும் கிடைக்கும் புத்தகங்கள்தான். பெரிய பெயர்களுக்குப் பொறுத்திருக்கலாம், சின்னவற்றுக்குக் கூடாது என்று நான் சொல்வது இதனால்.

மொழிபெயர்ப்புகளிலும் கவனம் வேண்டும். வேற்றுமொழிப் புத்தகத்துக்கு உரிமை வாங்கும்போது இத்தனை வருடம், இத்தனை பிரதி என்றுதான் ஒப்பந்தம் போடுவது வழக்கம். காலம் முடிந்தால், விற்றுத் தீர்ந்த புத்தகத்தை மறுபடி அச்சிடப் பதிப்பாளர் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். நன்றாக விற்காத நல்ல மொழிபெயர்ப்பு அத்தோடு மறைந்துவிடும். என் அலமாரியில் அப்படிப்பட்டவை நான்கு இருக்கின்றன, இரவல் கேட்டால் கொடுக்கத் தயங்குகிறேன்.

கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஏதுமில்லை. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிந்த பிறகு அவர் வருடத்துக்கு முப்பது நாவல் படிக்கிறார். சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருப்பவர்களுக்குப் புத்தக விலையைவிடத் தபால் செலவு அதிகம், அவர்களுக்கு இதுவே முதல் வழி. ஆனால் டிசம்பரில் அறிவிக்கும் புத்தகங்களில் பல அதே நேரத்தில் மின்னூலாக வருவதில்லை. காகிதப் பிரதி விற்கட்டும் என்று பதிப்பாளர்கள் சில மாதம் நிறுத்தி வைக்கிறார்கள், சிலர் தருவதே இல்லை. கவிதையை நான் அதில் படிப்பதில்லை. எழுத்தளவை மாற்றினால் வரி உடைந்துவிடுகிறது, கவிஞர் நிறுத்திய இடத்தில் நிற்க முடிவதில்லை. எனக்கு அதில் மிகவும் பயன்படுவது இலவச மாதிரி. முதல் சில பக்கங்களை இறக்கிப் படித்துவிட்டுக் காகிதத்தில் வாங்கலாமா என்று முடிவு செய்கிறேன். சென்னைக்குப் போகாத வருடங்களில் எனக்கு நடுப்பக்கத்துக்குப் பதில் அதுதான்.

பிப்ரவரியில் வாட்ஸப் குழுக்களில் புதுப் புத்தகங்களின் பி.டி.எஃப். வரத் தொடங்கும். அதை நான் ஒரு வழியாகவே கருதவில்லை. 200 பிரதி போட்ட பதிப்பாளரின் அடுத்த புத்தகத்தைத்தான் அது தின்கிறது. எனக்கு அனுப்பியவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேர் நிறுத்தினார்கள்.

நூலகம். தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-இலேயே வந்தது. சொத்து வரியோடு சேர்த்து 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் வாங்கப்படும் புத்தகம் நம்முடையதுதான். ஆனால் இந்த டிசம்பரில் வருவது எங்கள் கிளை நூலகத்தின் அலமாரிக்கு வர இரண்டு வருடமாவது ஆகிறது, சிலது வருவதே இல்லை. புதுப் புத்தகத்துக்கு நூலகத்தை நம்பியிருக்க முடியாது. சென்ற வருடங்களில் விட்டுப்போனவற்றுக்கு அதைவிட நல்ல இடமும் கிடையாது. என் நோட்டில் 2021, 2022 பட்டியல்களில் கோடு போடாமல் நின்ற பெயர்களில் பதினான்கை அங்கேதான் படித்தேன். படித்தபின் இரண்டை மட்டும் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். சென்னைவாசிகளுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. அங்கே போய்ப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு வாங்கப் போவது எவ்வளவு பெரிய வசதி!

இத்தனையும் வைத்துக்கொண்டு இந்த வருட ஆறாயிரத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன். முன்பதிவுக்கு 2,800. அதில் ஒரு பங்கு, ஒரு பழைய எழுத்தாளரின் முழுத் தொகுப்புக்கு. 20 சதவீதத்துக்கு மேல் குறைவதும், கனமான தொகுதிகளைத் தூக்கி வரவேண்டாம் என்பதும் காரணம். மீதியில் மூன்று மொழிபெயர்ப்புகள், நான் ஏற்கனவே பத்திரிகைகளில் படித்து மதிப்பு வைத்திருக்கும் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு, இரண்டு கவிதைத் தொகுப்புகள். எல்லாம் சின்னப் பதிப்பகங்கள். இரண்டு இடத்தில் தேதி கேட்டேன், பதில் வந்தது. ஒரு இடத்தில் வரவில்லை, அந்தப் புத்தகத்தை அரங்குக்கு என்று மாற்றிவிட்டேன்.

ஜனவரிக்கு 2,200. இதற்குப் பட்டியலே கிடையாது. மகளின் பங்கு 500, அதில் நான் தலையிடுவதில்லை. மீதி முழுவதும் நடுப்பக்கம் திறந்து பார்த்து வாங்க. ரயில் செலவைப் புத்தகப் பணத்தில் சேர்க்காமல் தனியாக மூன்று மாதமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லோரும் எதிர்பார்க்கும் அந்த இரண்டு பெரிய நாவல்களுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கி, அதை எங்கள் ஊர்த் திருவிழா வரைக்கும் தொடப்போவதில்லை. அதற்குள் இரண்டாம் பதிப்பு வந்திருக்கும். காத்திருக்க ஆசை விடாதுதான். போன வாரம் ஒன்றின் அட்டைப்படம் வந்தபோது கை தானாகப் படிவத்தைத் திறந்துவிட்டது. பெயர், முகவரி வரைக்கும் நிரப்பிவிட்டு மூடினேன். பிறகு அதே பதிப்பகத்தின் பக்கத்தில் கீழே இறங்கிப் பார்த்தால், முன்பின் கேள்விப்படாத ஒருவரின் 96 பக்கக் குறுநாவல் ஒன்று, 140 ரூபாய் என்று இருந்தது. கொடுத்திருந்த இரண்டு பக்க மாதிரியைப் படித்தேன். பணம் கட்டிவிட்டு, நோட்டில் இருபத்தொன்றாவது பெயராக எழுதிக்கொண்டேன்.